தொட்டிச் செடி வாடினால்: முதலில் காரணம், பிறகு மருந்து

வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த ஒரு வாரத்தில், எங்கள் டயாலிசிஸ் பிரிவில் ஓர் அம்மையார் தம் கைப்பேசியிலிருந்த படம் ஒன்றை எங்களிடம் காட்டினார். ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டைச் சேர்ந்தவர். வாரம் இருமுறை கணவரை அழைத்துக்கொண்டு குப்பனூர் மலைப்பாதை வழியாகப் பேருந்தில் இறங்கி வருபவர். படத்தில் இருந்தது ஒரு தக்காளிச் செடி. இலைகள் அனைத்தும் தொங்கியிருந்தன.

“தண்ணி ஊத்த ஊத்த வாடுதுங்க டாக்டர். என்ன பண்றதுன்னே தெரியல” என்றார்.

அன்று பிரிவில் கூட்டம் அதிகம். “அப்புறம் பார்ப்போம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டோம்.

நான்கு நாட்கள் கழித்து, அடுத்த முறை கணவரை அழைத்து வந்தபோது, அவருடைய நிலையை முதலில் கவனித்தவர் எங்கள் செவிலியர். அம்மையாருக்கு உடலெல்லாம் வியர்த்திருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இருமுறை வாந்தி எடுத்திருந்தார். கண்ணின் பாவைகள் ஊசிமுனை போல் சுருங்கியிருந்தன. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. காப்பித் தோட்டத்தில் மிச்சமான பூச்சிமருந்தை யாரோ ஒரு குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். செடிக்குப் பூச்சி விழுந்திருக்கிறது என்று எண்ணி, அன்று அதிகாலையில் காற்றோட்டமில்லாத பின்தாழ்வாரத்தில் கையுறையின்றி அதைத் தெளித்துவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமலேயே பேருந்து ஏறியிருக்கிறார்.

உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்ததால் இரண்டு நாட்களில் நலம் பெற்றார். பின்னர் அந்தச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது பூச்சி எதுவும் இல்லை. தொட்டியின் கீழ்த்தட்டில் மழைநீர் தேங்கி, வேர்கள் அழுகியிருந்தன. அதாவது, செடிக்குத் தேவையற்ற மருந்து செடியை வளர்த்தவரைத் தாக்கியிருந்தது. முதல் நாள் அவருடைய கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இது நேர்ந்திராது. அவருடைய ஒப்புதலுடன், பெயரைத் தவிர்த்து, இக்கட்டுரையை எழுதுகிறோம். அன்று சொல்லாமல் விட்ட பதிலே இது.

வீட்டில் நோயாளி, வாசலில் தொட்டி

சிறுநீரக மருத்துவர்களாகிய எங்களுக்கும் காய்கறித் தொட்டிகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். எங்களிடம் வரும் குடும்பங்களில் பலர் வீட்டு வாசலிலோ மாடியிலோ பத்துப் பதினைந்து தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். நோயாளியை விட்டு நெடுநேரம் வெளியே செல்ல இயலாதவர்களுக்கு, வீட்டெல்லைக்குள்ளேயே கைக்கு வேலையும் மனதுக்கு ஆறுதலும் தருவது செடி வளர்ப்பு. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித் தோட்டத் திட்டத்தின் வழியாகப் பைகள், தென்னை நார்க்கழிவு, விதை, உயிர் உரங்கள் அடங்கிய தொகுப்புகளை மானிய விலையில் வழங்கியது. அதன்பின் இப்பழக்கம் சிற்றூர்களிலும் பரவியது. சேர்வராயன் மலையில் இதற்கு வேறொரு காரணமும் உண்டு. சமமான நிலம் பெரும்பாலும் காப்பிக்கும் மிளகுக்கும் போய்விடுகிறது. மிஞ்சிய இடத்தில் காய்கறி போட்டால் காட்டெருமை வந்து மேய்ந்துவிடுகிறது. ஆகவே சுவரோரத்துத் தொட்டிதான் காய்கறித் தோட்டம்.

அந்தத் தொட்டியில் செடி வாடும்போது வளர்ப்பவரின் மனமும் வாடுகிறது. அதனால் அவசரமாக ஏதாவது செய்யத் தோன்றுகிறது. அந்த அவசரத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

வாடுதல் ஓர் அறிகுறி

காய்ச்சல் எப்படி ஒரு நோயின் பெயர் ஆகாதோ, அப்படியே செடி வாடுதலும் ஒரு நோயின் பெயர் ஆகாது. இலைகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் சேரவில்லை என்பதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு: மண்ணில் நீர் இல்லை, நீர் இருந்தும் வேர் அழுகிவிட்டது, மண்ணில் உப்பு மிகுந்து வேரால் நீரை இழுக்க முடியவில்லை, தண்டின் குழாய்களைக் கிருமி அடைத்துவிட்டது. முதல் காரணத்துக்கு மட்டுமே தண்ணீர் மருந்து. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

நீர் நிறைந்த மண்ணில் செடி எப்படி வாடும் என்று வியப்பாக இருக்கலாம். வேரும் மூச்சுவிடும் உறுப்பே. மண்துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்துதான் அது பிராணவாயுவைப் பெறுகிறது. அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால், பிராணவாயு பரவும் வேகம் காற்றில் உள்ளதைப் போல ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேர் மூச்சுத்திணறி வேலையை நிறுத்துகிறது, பின்பு அழுகுகிறது. இலை காய்ந்து தொங்குகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

எங்கள் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இது புதிதாக இராது. கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்திருக்கும் ஒருவருக்குத் தாகமும் எடுக்கும். தாகம் இருப்பதால் மட்டும் உடலில் நீர் குறைவு என்று முடிவு செய்ய இயலாது. தொட்டிக்கும் அப்படியே.

மலையும் சமவெளியும்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகையால் சேலத்தில் வசிக்கும் உறவினர், “தினமும் காலையும் மாலையும் தண்ணீர் விடு” என்று சொல்லும் அறிவுரை, மூடுபனி படர்ந்த கொட்டச்சேட்டுத் தொட்டிக்குப் பொருந்தாது. குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த காற்றில் மண் மெல்லவே காயும். மழைக்காலத்தில் சில நாட்கள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவைப்படாது.

மலையில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, நிழல். காப்பிக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின் நிழல் வீட்டின்மீதும் விழுகிறது. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் தண்டு மெலிந்து நீண்டு, ஒளியை நோக்கிச் சாயும், பூ குறையும். இதற்கு உரம் தீர்வாகாது. தொட்டியை இடம் மாற்றுவதே தீர்வு. வெயில் குறைந்த இடத்தில் கீரை, கொத்தமல்லி, புதினா வைக்கலாம். இரண்டாவது, இரவுக் குளிர். மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தக்காளிப் பூ காய்பிடிக்காமல் உதிரும். இதுவும் நோயன்று. அந்தக் காலத்தில் பீன்ஸ், முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றை வளர்ப்பது நல்லது.

சமவெளியில் சிக்கல் நேர்மாறானது. சித்திரை வெயிலில் கறுப்பு நெகிழிப் பையின் பக்கச் சுவர் சூடேறி, வெளிப்புற வேர்களைக் கருக்கிவிடும். பைகளை ஒன்றோடொன்று நெருக்கி வைப்பதும், மேல்மண்ணைக் காய்ந்த இலைச் சருகால் மூடுவதும், நண்பகலில் நிழல்வலை கட்டுவதும் உதவும்.

ஐந்து சோதனைகள்

மருந்து எழுதுமுன் நாங்கள் நோயாளியைச் சோதிப்பதுபோல், செடிக்கும் ஐந்து எளிய சோதனைகள் உண்டு. ஐந்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும்.

*நேரம்.* நண்பகலில் மட்டும் வாடி, மாலையில் தானாக நிமிரும் செடிக்கு எதுவும் செய்ய வேண்டாம். இலை வெளியேற்றும் நீரின் வேகத்துக்கு வேர் சற்றுப் பின்தங்கியிருக்கிறது, அவ்வளவே. விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் கவலைக்குரியது.

*விரல்.* ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் செலுத்துங்கள். அங்கே ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். தென்னை நார்க்கழிவு கலந்த கலவை மேலே காய்ந்து வெளுத்திருக்கும். அடியில் பிழிந்தால் நீர் சொட்டும். கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். கையில் காயம் இருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவராக இருந்தாலோ, விரலுக்குப் பதிலாக ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் உண்டு.

*எடை.* டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் நோயாளியை எடைபார்ப்பது ஏன் என்று எல்லோரும் அறிவீர்கள். உடலில் மிகுந்திருக்கும் நீரை எடைதான் காட்டிக்கொடுக்கிறது. சிறிய தொட்டிக்கும் அதே முறை பொருந்தும். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்த பின் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்; காய்ந்த நாளில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பெரிய தொட்டியைத் தூக்க வேண்டாம். ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்துப் பார்த்தால் போதும்.

*துளை.* தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா, கீழ்த்தட்டில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் ஜல்லியைக் கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. அது ஜல்லிக்கு மேலேயே தங்கி, வேருக்குரிய இடத்தைக் குறைத்துவிடும். துளையின்மேல் ஓர் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்தாலே போதுமானது.

*வேர்.* மேற்கண்டவற்றில் காரணம் புலப்படாவிட்டால், செடியை மண்ணுருண்டையோடு மெல்ல வெளியே எடுங்கள். நலமான வேர் வெண்மையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி வழுக்கும், இழுத்தால் தோல் உறைபோல் கழன்று வரும், நாற்றமடிக்கும். வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. வேர் நன்றாக இருந்தும், இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடியிருந்தால், அடித்தண்டில் ஒரு சாண் துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுகம் நீரில் படுமாறு அசையாமல் பிடித்திருங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்து இல்லை. செடியையும் அந்த மண்ணையும் அகற்றிவிட வேண்டும். அதே மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் மீண்டும் வைக்கக் கூடாது.

இலை தரும் குறிப்புகள்

முதலில் பார்க்க வேண்டியது, மாற்றம் கீழிலையில் தொடங்கியதா, மேலிலையில் தொடங்கியதா என்பதே. தழைச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய தளிருக்கு அனுப்பிவிடும். ஆகவே இவற்றின் பற்றாக்குறை கீழிலையில் முதலில் தெரியும். இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் அவ்வாறு இடம் மாற்ற இயலாது. அவற்றின் குறை தளிரிலும் காயிலும் தெரியும்.

கீழிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். கீழிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறைவு. தளிரில் அதே தோற்றம் இருந்தால் இரும்புக் குறைவு. சுண்ணாம்பு மிகுந்த கடின நீரைப் பயன்படுத்தும் சமவெளி வீடுகளில் இதை மிகுதியாகக் காணலாம். எந்த உரத்தையும் ஈரமற்ற மண்ணிலோ, அழுகிய வேருக்கோ இட வேண்டாம். சீரணிக்க இயலாத வயிற்றுக்கு விருந்து படைப்பது போலாகும்.

இலையின் ஓரமும் நுனியும் மட்டும் கருகி, தொட்டியின் விளிம்பில் வெண்மையான படிவம் காணப்பட்டால், அது உப்பு. உரம் மிகுதியானாலோ, கழுவப்படாத தென்னை நார்க்கழிவைப் பயன்படுத்தினாலோ இது நேரும். வீட்டிலுள்ள ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுபவர்கள் பலர். அந்த நீரில் மூலநீரைவிட உப்பு செறிந்திருக்கும். கடின நீரை மென்மையாக்கும் இயந்திரத்தின் நீரில் சோடியம் கூடியிருக்கும். இரண்டையும் தொட்டிக்குத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். வாசல் கழுவப் பயன்படுத்தலாம். உப்பேறிய தொட்டிக்குச் சிகிச்சை, அதைக் கழுவுவதே: தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல நீரை மெல்ல மெல்ல ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடிய விடுங்கள். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் ஏறக்குறைய 120 லிட்டர் கரைசல் வடிகட்டியின் வழியாகச் சென்று இரத்தத்தின் கழிவை வாங்கிச் செல்கிறது. தேங்கிய உப்பை வெளியேற்ற நீர் உள்ளே செல்வது மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன்; கீழ்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் சிலந்திப்பேன். தக்காளியின் அடிப்பகுதி கறுத்துத் தோல்போல் ஆனால், அது கிருமியால் வந்ததன்று. ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் விடுவதால், சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராமல் ஏற்படும் குறை அது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதைவிட, சீராக நீர் விடுவதே விரைவான மருந்து.

மலையில் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது பின்பருவக் கருகல் நோய். குளிர்ச்சியும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில், தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் நீர் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும்; காலையில் இலையின் அடியில் வெண்பூஞ்சை தெரியும்; சில நாட்களில் செடி முழுதும் கருகும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு விளைச்சலை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்தது இதே நோய்தான். தொட்டிச் செடிக்கு ஒரு வசதி உண்டு. அதை மழைபடாத கூரைக்குக் கீழே நகர்த்தலாம். இலை நனையாமல் பார்த்துக்கொள்வதும், செடிகளுக்கிடையே காற்றோட இடைவெளி விடுவதும், நோயுற்ற இலைகளை உடனே கிள்ளி எரிப்பதும் முதற்படி.

அழுகிய வேரை மீட்பது

நீர் தேங்கி வாடிய செடியைக் காப்பாற்ற முடியும், பாதி வேராவது நன்றாக இருந்தால். கீழ்த்தட்டை அகற்றுங்கள். வழுக்கும் வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். செம்மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்த புதிய கலவையில் நடுங்கள். குறைந்த வேரால் நிறைந்த இலையைத் தாங்க இயலாது. ஆதலால் பூ, காய் அனைத்தையும், இலைகளில் மூன்றில் ஒரு பங்கையும் நீக்குங்கள். நான்கைந்து நாட்கள் நிழலில் வையுங்கள். புதிய தளிர் வரும்வரை உரம் வேண்டாம். இரண்டு வாரத்தில் தளிர் வராவிட்டால், அதை விட்டுவிட்டுப் புதிய நாற்று வைப்பதில் தவறில்லை.

மருந்து தெளிக்குமுன்

இக்கட்டுரையின் முதன்மையான செய்தி இதுவே. தொட்டிக் காய்கறிக்கு வீட்டில் கடும் பூச்சிக்கொல்லி தேவையே இல்லை. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவற்றை முதலில் நீரைப் பீய்ச்சி அகற்றலாம். அதற்கும் போகாவிட்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படுமாறு தெளிக்கலாம். வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதற்காக அதைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது அவர்களின் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியது.

காப்பித் தோட்டத்திலோ வயலிலோ மிச்சமான மருந்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். குளிர்பானப் புட்டியிலோ எண்ணெய்க் கலத்திலோ ஊற்றி வைப்பது பேராபத்து. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். அவ்வுணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை ஒரு மிடறு விழுங்கினாலும் சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கும். அதற்கு முறிமருந்து கிடையாது.

மருந்து தெளித்த பிறகு மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, பார்வை மங்கல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். உடையைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்துப் புட்டியை உடன் கொண்டு வாருங்கள். அதில் எழுதியிருப்பது எங்கள் சிகிச்சையை விரைவுபடுத்தும்.

மக்னீசியக் குறைவுக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் பேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் உண்டு. செடிக்கு அது நல்லதே. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றவர் அதைத் தவறி உட்கொண்டால், மக்னீசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கி, தசைத் தளர்ச்சியும் இதயத் துடிப்புக் கோளாறும் உண்டாகும். சமையலறை உப்பு ஜாடிக்கு அருகில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். பெயர் எழுதித் தனியே பூட்டி வையுங்கள்.

நோயாளியே தோட்டவேலை செய்யலாமா?

பெரும்பாலோர் செய்யலாம். சில வரையறைகள் மட்டும் உண்டு.

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குறிப்பாக முதல் ஆண்டில், மண்ணையும் எருவையும் கிளற வேண்டாம். மக்கிய எருவில் ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ போன்ற பூஞ்சைகளும் ‘நோகார்டியா’ போன்ற கிருமிகளும் இருக்கும். எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலில் அவை வேரூன்றும். ஆஸ்திரேலியாவில் 1980களின் இறுதியில், தொட்டிக் கலவையிலிருந்து பரவிய ஒருவகை லீஜியோனெல்லா நிமோனியா கண்டறியப்பட்டது. அந்நாட்டில் இன்று கலவைப் பைகளின் மேலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. மூட்டையைப் பிரிக்கும் வேலையை வீட்டில் வேறொருவர், திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து, கலவையைச் சற்று நனைத்த பின் செய்யட்டும்.

நீரிழிவு நோயாளிகள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்க வேண்டாம். மழைக்காலத்து மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் நோய், நீரிழிவும் சிறுநீரகப் பழுதும் உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையால் தொட்டியையோ நீர் வாளியையோ தூக்க வேண்டாம். அந்தக் கையில் முள் கீறலும் படக் கூடாது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் குழாய் வெளிவரும் இடத்தை மூடிக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகழுவி உடைமாற்றிய பிறகே கரைசல் பையைத் தொட வேண்டும். நீர் அளவு கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் வெயிலுக்கு முன் வேலையை முடித்துக்கொண்டால் தாகம் கூடாது.

கீழ்த்தட்டுகளை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய பத்து நாட்களே போதும். வேருக்கு நல்லது வீட்டுக்கும் நல்லது.

விளைந்ததை உண்ணும்போது

நம் வீட்டில் விளைந்தது என்பதால் அளவு மீறலாம் என்று எண்ண வேண்டாம். 100 கிராம் தக்காளியில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. பசலை போன்ற கீரைகளில் அதைவிட இரு மடங்குக்கு மேல் இருக்கும். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்கள் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, உணவியலாளர் சொன்ன அளவில் உண்ணலாம். சுரை, பீர்க்கு, முட்டைக்கோஸ் ஆகியவை அவர்களுக்கு ஒப்பீட்டளவில் ஏற்றவை. நட்சத்திரப் பழம் எனப்படும் தமரத்தங்காயைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர் அதை ஒரு துண்டும் உண்ணக் கூடாது. தீராத விக்கலில் தொடங்கி, வலிப்பு வரை கொண்டு செல்லும்.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே உள்ளது. மற்ற ஊரினர் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை அணுகலாம். 1800-180-1551 என்னும் உழவர் அழைப்பு மையத்தின் இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். நோயுற்ற இலையையும் வேரையும் தனித்தனிப் பையில் எடுத்துச் சென்றால் அவர்களுக்கு எளிதாக இருக்கும்.

எங்களிடமும் கேளுங்கள். செடியைப் பற்றிய கேள்வி, மருத்துவரிடம் கேட்கத் தகாத கேள்வி என்று எண்ண வேண்டாம். இப்போது எங்கள் பிரிவில், நோயாளியுடன் வருபவரிடம், “வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்? அதற்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள்?” என்று நாங்களே கேட்கத் தொடங்கியிருக்கிறோம். விடைகளிலிருந்து உணவு, உரம், பூச்சிமருந்து, குடிநீர், கால் புண் என்று பலவும் தெரியவருகின்றன.

கொட்டச்சேட்டு அம்மையாரின் அந்தச் செடி பிழைக்கவில்லை. குளிர்ப் பருவத்தில் அதே இடத்தில் வேறு தொட்டிகளில் பீன்ஸ் போட்டார். கீழ்த்தட்டுகளை எடுத்துவிட்டுத் தொட்டிகளைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். தை மாதத்தில் ஒருநாள், டயாலிசிஸ் முடியக் காத்திருந்த வேளையில், ஒரு பை பீன்ஸைச் செவிலியர் மேசையில் வைத்தார். “தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி இப்பல்லாம் குச்சி விட்டுப் பாத்துடறேங்க” என்றார். அன்று நாங்கள் நின்று, அவரோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.